அக்கரைக்கு ஒரு பானை

அன்று காலை துறையில் இருந்தவர்கள் என்று சாவடிக் குறிப்பேட்டில் மெலானியா எழுதியது:

மெலானியா, சாவடிக் காவலர், வயது முப்பத்தெட்டு. நலம்.
நோல்பெர்த்தோ, அவள் கணவன், ஓடக்காரன், நாற்பத்திரண்டு. நலம்.
ஓர்ஃபெலினா, நோல்பெர்த்தோவின் அக்காள், ஐம்பத்தொன்று. நலம்.
இஞ்சினியர் கார்தெனாஸ், தலைநகரத்திலிருந்து வந்தவர், வயது சொல்லவில்லை. நலம்.
அக்கரையில், உடுப்பில்லாமல், இருபத்தாறு பேர். ஒருத்தி நிறைமாதம். நலமா என்று கேட்க வழியில்லை.

இதில் இரண்டு 'நலம்' பொய். ஒன்று பொய் என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும். மற்றது பிறகு தெரிந்தது.

குவாரிமா ஆற்றில் தோல் செருப்புப் போட்டு வந்து இறங்குகிற எவனும் இஞ்சினியர்தான். என்ன படித்தான், எதைக் கட்டினான் என்று யாரும் கேட்பதில்லை. கார்தெனாஸ் செவ்வாய்க்கிழமை வந்தார். இறங்கும்போதே மூன்று தும்மல். வெளியாள் யாராக இருந்தாலும் பதினாலு நாள் ஒதுக்கறையில் கிடந்துவிட்டுத்தான் ஊருக்குள் காலெடுத்து வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை இரண்டு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்து சாவடிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனவரும் இவர்தான். இந்த முறை இன்னொரு தாள் கொண்டுவந்திருந்தார். அவசர அலுவல் காரணமாக இஞ்சினியர் கார்தெனாஸுக்கு மட்டும் விலக்கு. கீழே கையெழுத்து, கார்தெனாஸ்.

"அலர்ஜிம்மா," என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "பஸ்ல ஏசி போட்டுக் கொன்னுட்டான். எனக்கு வருஷா வருஷம் வர்றதுதான். பயப்படாதீங்க."

"ஒதுக்கறை கூட்டி வச்சிருக்கேன்."

"அதுல பெட்ரோல் நாத்தம் அடிக்குதே."

நாற்றம் உண்மைதான். பலகைச் சுவர், தகரக் கூரை, கம்பிவலை போட்ட ஒரே ஜன்னல். கட்டித் தந்த காண்டிராக்டர் அதுவரை சரக்குக் கிட்டங்கிதான் கட்டியிருக்கிறான். பழக்க தோஷத்தில் பூட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டான். எண்ணெய்ப் பீப்பாய் வைக்க அதுவே வசதியாயிற்று. ஆளை வைக்க அதுவரை யாரும் நினைக்கவில்லை.

இஞ்சினியர் ஓர்ஃபெலினா வீட்டில் படுத்தார். ஓர்ஃபெலினாவுக்கு விருந்தாளி என்றால் கால் தரையில் நிற்காது. அதுவும் மசாத்தோ குடிக்கிற விருந்தாளி. மரவள்ளிக் கிழங்கை அவித்து, பாதியை வாயில் போட்டு மென்று துப்பி, மீதியோடு பிசைந்து புளிக்க விட்டால் மூன்றாம் நாள் நுரை கட்டும். அந்த எச்சில்தான் கள்ளாக்குவது. வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டதும் வயிற்று வலி என்பார்கள். கார்தெனாஸ் ஒரே மூச்சில் ஒரு சுரைக்குடுவை குடித்துவிட்டு, குடிக்கிற மாதிரி தன்னையே படம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தக் குடுவையையே நீட்டினார். ஓர்ஃபெலினா மீதத்தைக் குடித்தாள்.

வியாழக்கிழமை தெற்கத்திக் குளிர் இறங்கிவிட்டது. வருடத்தில் நாலைந்து தடவை அது வரும். காட்டையே ஈரத்துணியால் மூடிய மாதிரி இருக்கும். ஆற்றின் மேல் புகை, கோழிகள் மரத்தை விட்டு இறங்காது, ஆட்கள் போர்வையோடு நடப்பார்கள். அன்றைக்கு மெலானியா உப்புக் கேட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, ஓர்ஃபெலினா கிழங்குத் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டுக் கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள்.

"இவ்வளவும் யாருக்கு மதினி?"

ஓர்ஃபெலினா தொட்டியில் துப்பினாள். "வீட்டுல ஆம்பள ஒருத்தர் வந்திருக்காரே, கண்ணு தெரியலயா?"

"நாப்பது பேர் குடிக்கலாம் போல இருக்கு."

"நீ மெல்ல மாட்டே. பல்லு தேஞ்சிரும்னு பயம். காவலர் அம்மாவுக்குச் சட்டையில பித்தான் வந்துட்டுது. இனிமே எச்சி துப்புனா கவர்மெண்டு சம்பளத்தப் பிடிச்சிருவான்."

"மூக்கு செவந்திருக்கு உங்களுக்கு."

"அடுப்புப் புகை. உப்பு எடுத்துட்டுப் போ. சும்மா நின்னு பரிசோதன பண்ணாத."

மெலானியா உப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். சம்பளம் வாங்குகிற காவலர் அன்றைக்குச் செய்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியலில் அக்கரையில் விசில் கேட்டது. புல்லைக் கிழித்த மாதிரி ஒரு விசில், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. புகை விலகியதும் மணல்திட்டில் ஆட்கள். வறண்ட காலத்தில் ஆமை முட்டை தோண்ட அவர்கள் ஆற்றுக்கு வருவார்கள். முட்டை கிடைக்காத வருடம் வாழைக்காய் கேட்பார்கள். பேச்சு கிட்டத்தட்ட ஊர்ப் பேச்சுதான். முப்பாட்டன் காலத்தில் ஓடி ஒளிந்த பங்காளிகள் அவர்கள். ஓடாதவர்கள் ரப்பர் முதலாளியிடம் உதை வாங்கி, சட்டை போட்டு, ஊர் ஆனார்கள். இதில் யார் புத்திசாலி என்று அந்த ஆற்றில் இன்றுவரை முடிவாகவில்லை.

"சட்டைக்காரங்களா!" என்று ஒரு கிழவி கத்தினாள். "தூங்கிட்டீங்களா, செத்துட்டீங்களா? வாழைக்காய் கொண்டாங்க!"

நோல்பெர்த்தோ ஒன்பது வருடமாக ஓடம் தள்ளுகிறான். அக்கரைக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான் என்பதில் அவனுக்குத் தலைக்கனம் உண்டு. சீப்பை எடுத்துத் தலையை வாரினான். சட்டையைக் கழற்றிப் புதருக்குள் வைத்தான். சட்டையைப் பார்த்தால் கேட்பார்கள். கொடுத்தால் நம் வியர்வையும் நம் சளியும் சேர்ந்து போகும். அதற்கும் ஒரு சட்டம் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"இந்தக் குளிர்ல யாருக்கு இந்தச் சிங்காரம்?" என்றாள் மெலானியா.

"இஞ்சினியர் வீடியோ எடுக்காரு."

"அப்ப வயித்த உள்ள இழுத்துக்கிடும்."

நாற்பது தார். தோட்டத்திலிருந்து சுமந்து அவள் கழுத்து தோலுரிந்திருந்தது. ஓடத்தில் ஆள் ஏறுவதில்லை. பின்முனையில் நீளக் கயிறு கட்டி, மேலாற்றில் வைத்துத் தள்ளிவிட்டால் சுழி அதை அக்கரை மணலுக்குக் கொண்டுசேர்க்கும். அவர்கள் இறக்கிக்கொண்டதும் வெறும் ஓடத்தைக் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். ஓர்ஃபெலினாவும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். தார்களை அடுக்க உதவினாள். ஒரு நாளும் உதவாதவள்.

நோல்பெர்த்தோ முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடத்தைத் தள்ளினான். இஞ்சினியர் கேமராவோடு கரையில் இங்கும் அங்கும் ஓடினார்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுத் தள்ளுங்க! சகோதரர்களைப் பார்க்கிற மாதிரி!"

ஓடம் பாதி ஆற்றைத் தாண்டியது. ஓர்ஃபெலினா பெருமூச்சு விட்டாள்.

"இன்னைக்குத்தான் நாம மனுஷங்க மாதிரி குடுத்திருக்கோம்," என்றாள்.

"என்ன சொல்லுதீங்க?"

"ஒம்பது வருஷமா வெறும் காய். நாய்க்கு எறியுத மாதிரி. சொந்தக்காரன் வாசல்ல வந்து நின்னா வாய நனைக்க ஒண்ணும் குடுக்காம அனுப்புவியா நீ? ஒன் கூடப்பொறந்த தம்பி இடுப்புல அவனுங்க அம்பு எதுக்கு ஏறுச்சு, இதே துறையில? குடிக்கக் குடுக்காதவன் பகையாளின்னு அவனுங்களுக்குத் தெரியும். நமக்குத்தான் மறந்து போச்சு."

"மதினி. ஓடத்துல என்ன வச்சீங்க?"

"ஒரு பானை. எலை போட்டு மூடி, தாருக்கு நடுவுல. நல்லா இருக்கான்னு காலையில ருசி பாத்துட்டுத்தான் வச்சேன்."

"எதுல ருசி பாத்தீங்க?"

"இதென்ன கேள்வி? குடுவைய உள்ள விட்டுக் குடிச்சுப் பாத்துட்டு, மிச்சத்தத் திரும்ப ஊத்துனேன். கீழயா கொட்டுவாங்க?"

சொல்லிவிட்டு அவள் போர்வைக்குள் வாயைப் பொத்தி இருமினாள். அடக்கி வைத்திருந்த இருமல். மெலானியா அவள் கண்ணைப் பார்த்தாள். காய்ச்சல் கண் எப்படிப் பளபளக்கும் என்பது தெரிந்துகொள்ள அவளுக்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. அவள் அம்மா பக்கம் ஒன்பது வீடு. மரம் வெட்ட வந்தவர்கள் ஒரு பருவம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கே தங்கினார்கள். அடுத்த பருவத்தில் மூன்று வீட்டில்தான் புகை எழும்பியது. பிணத்தைத் தூக்க ஆள் பற்றாமல் வீட்டோடு கொளுத்தினார்கள். அதுவும் சட்டை போட்டு இருபது வருடம் ஆனவர்கள். அக்கரையில் நிற்பவர்கள் சளியைக் கண்டதே கிடையாது.

அவள் பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள்.

"என்ன பண்ணுத?" நோல்பெர்த்தோ அலறினான். "விடுட்டி! குடுத்தத இழுத்தா கொன்னுருவானுங்க!"

"பானை இருக்கு அதுல. உங்கக்கா எச்சி. அவளுக்குக் காய்ச்சல்."

அவன் அக்காளைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். பிறகு புதருக்குள் போய்ச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒன்பது வருடச் சிநேகம் அவ்வளவுதான். பித்தானைக் கூட நிதானமாகப் போட்டான்.

கயிறு விறைத்தது. அக்கரையில் ஓர் இளவட்டம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடத்தின் முனையைப் பிடித்துவிட்டான். அவள் இழுத்தாள், அவன் சிரித்துக்கொண்டே இழுத்தான். ஒரு கையாலேயே இழுத்தான்.

"விடு!" என்று கத்தினாள். "அதுல நோய் இருக்கு! பானையத் தொடாத!"

"குடுத்துட்டுப் பறிக்கா பாரு, சட்டைக்காரி!" என்று கிழவி கத்தினாள். மணலில் சிரிப்பு. "ஒனக்குப் பசிச்சா கேளு, மிச்சம் வச்சுட்டுப் போறோம்!"

"காயில இல்ல, பானையில! நோய்!"

"நீங்க எதத்தான் நோய் இல்லன்னீங்க? கோடாலி கேட்டா நோய். துணி கேட்டா நோய். கஞ்சப் பிசினாறிகளா!"

ஒன்பது வருடமாக இந்தக் கரையிலிருந்து அப்படித்தான் கத்தியிருக்கிறார்கள். நோய் என்பதற்குக் கஞ்சத்தனம் என்று அவர்கள் பொருள் எடுத்துக்கொண்டதில் என்ன தப்பு?

ஓர் அம்பு வந்தது. ஆளைப் பார்த்து விட்டதல்ல. அவள் காலுக்கு நாலு முழம் தள்ளி மணலில் குத்தி நின்று ஆடியது. இஞ்சினியர் சேற்றில் குப்புற விழுந்தார். கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

இளவட்டம் தார்களை விலக்கிப் பானையை எடுத்துவிட்டான். இடுப்பில் இடுக்கிக்கொண்டு இலையைப் பிய்த்தான். முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான், பிறகு மறுபடி முகர்ந்தான். விரலை உள்ளே விட்டான்.

அப்போது ஓர்ஃபெலினாவின் இருமல் உடைந்தது. போர்வை நழுவிற்று. அவள் முழங்காலைப் பிடித்துக் குனிந்து, நெஞ்சுக்கூடு கழன்றுவிடும் போல இருமினாள். குளிர் இறங்கிய ஆற்றில் ஒலி எங்கும் சிதறாது. தண்ணீர் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். இந்தக் கரையிலிருந்து புறப்பட்டு அந்த இருமல் அந்தக் கரையில் போய் முட்டியது.

மணலில் சிரிப்பு நின்றது.

கிழவி தண்ணீரில் இறங்கி ஓடினாள். கையிலிருந்த வில்லால் இளவட்டத்தின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். பானை ஆற்றில் விழுந்து, வெள்ளையாக ஒரு திட்டு விரிந்து, கீழாற்றுப் பக்கம் போயிற்று. பிள்ளைகளைப் பெண்கள் அக்குளில் இடுக்கினார்கள். நிறைமாதக்காரி வயிற்றைப் பிடித்தபடி ஓடினாள். புலி வந்தால் கூட அப்படி ஓட மாட்டார்கள். புலிக்கு நின்று அம்பு விடுவார்கள். இதற்கு நிற்கவில்லை. கிழவி மட்டும் ஒரு தடவை திரும்பினாள். ஓர்ஃபெலினாவைத்தான் பார்த்தாள். மணலில் காறித் துப்பி, காலால் அதை மூடிவிட்டுக் காட்டுக்குள் போனாள்.

வாழைக்காய் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. நாற்பது தாரோடு ஓடம் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

"விரல வாயில வச்சானா?" என்று மெலானியா கேட்டாள். "பாத்தீரா? வச்சானா இல்லையா?"

"எனக்குத் தெரியல," என்றான் நோல்பெர்த்தோ. அவன் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"இஞ்சினியர், நீங்க?"

இஞ்சினியர் சேற்றைத் தட்டிக்கொண்டு கேமராவின் சின்னத் திரையில் தேடினார். "ஆங், எல்லாம் பதிவாயிருக்கு. அம்பு வந்தது கூட! ஆனா கடைசில கை ஆடிருச்சு, வானம்தான் விழுந்திருக்கு." ஒரு தும்மல். "ஒண்ணும் ஆகாதும்மா. விதிமுறைப்படி நீங்க கயித்த இழுத்தது தப்பு, அத மட்டும் எழுத வேண்டியிருக்கும். வருத்தப்படாதீங்க. நான் மதியம் மேல்சாவடிக்குக் கிளம்பணும். அங்க போன வருஷம் காட்ட விட்டு வந்த மூணு குடும்பத்தையும் ஒரு பேட்டி எடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது."

"மேல்சாவடியில ஒதுக்கறை கிடையாது."

"அதான் தாள் இருக்கே."

மெலானியா ஓடத்தை இழுத்துக் கட்டினாள். தார்களை மறுபடி கரையேற்றினாள், ஒவ்வொன்றாக. நோல்பெர்த்தோ இரண்டைத் தூக்கிவிட்டு முதுகு பிடித்துக்கொண்டது என்றான். ஓர்ஃபெலினா குத்தி நின்ற அம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப் பாத்தா ஓடுனாளுவ?" என்றாள் கடைசியில்.

"உங்க இருமலப் பாத்து."

"என் பானைக்கு ஒரு கொறையும் கெடையாது. நல்லாப் புளிச்ச பானை."

"ஆமா."

"துப்புனதப் பாத்தியா? அதுக்கு மண்ணு வேற போட்டு மூடிட்டுப் போறா. செத்த எலிய மூடுத மாதிரி." மூக்கைப் போர்வையில் துடைத்தாள். "அவருக்கு அலர்ஜின்னாரே."

"உங்களுக்கும் அலர்ஜியா மதினி? அவருதான் ஏசி பஸ்ல வந்தாரு. நீங்க எந்த பஸ்ல வந்தீங்க?"

ஓர்ஃபெலினா அவளை முறைத்தாள். ஐம்பத்தொரு வயதில் தம்பி பெண்டாட்டியிடம் தோற்றுப்போய்விட்டோம் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு வாய் வராது. எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள்.

"பீப்பாய எல்லாம் எப்ப வெளிய எடுப்பே?"

"இப்பவே எடுக்கேன்."

"சாவி எங்க இருக்கு?"

"என் இடுப்புல."

"தொலைச்சுராத. நீ மறதிக்காரி."

நடுப்பகலில் குளிர் இன்னும் இறுகியது. நோல்பெர்த்தோ இஞ்சினியரின் படகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். அவர் நல்லபடி எழுதினால் இன்னொரு வருடம் வேலை. மெலானியா குறிப்பேட்டை எடுத்தாள். ஓர்ஃபெலினாவின் பெயருக்கு நேரே இருந்த 'நலம்' என்பதை அடித்தாள். கார்தெனாஸுக்கு நேரே இருந்ததையும் அடித்தாள். தன் பெயருக்கு நேரே கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டாள். அக்கரைக்கு நேரே 'ஒருவன், வலது கை விரல்' என்று மட்டும் எழுதினாள். அதைத் தலைநகரத்தில் படித்து யாருக்கும் ஒன்றும் விளங்கப் போவதில்லை. அங்கே எதுதான் விளங்கியிருக்கிறது?

ஓர்ஃபெலினா வந்தாள். ஒரு தோளில் பாயும் போர்வையும், இடுப்பில் இரண்டாவது பானை. ஒதுக்கறைக்குள் போய்ப் பாயை விரித்தாள். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு பாய். நடுவில் பானையை வைத்து, எட்டிக் குரல் கொடுத்தாள்.

"இஞ்சினியரய்யா! வழிக்குக் குடிக்காமலா போவீக? அடிப்பானை, நல்லா முறுகிருக்கு!"

கார்தெனாஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு இறங்கப் போனவர் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இங்க உக்காந்துட்டீங்க?"

"வெளிய காத்து வெட்டுது. இங்க கதகதப்பா இருக்கு. பெட்ரோலு நாத்தமும் போயிட்டுது, வந்து மோந்து பாருங்க. வேணும்னா படம் எடுத்துக்கிடுங்க. கிழவி துணியோடதான் இருக்கேன்."

அவர் சிரித்தார். கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர் என்று அவரைப் பற்றி நாலு பேர் சொல்வார்கள். பழங்குடிப் பெண் கொடுப்பதை மறுக்கத் தெரியாதவர், கூச்சம் பார்க்காமல் எச்சில் கள் குடிப்பவர். அப்படிப்பட்ட நல்ல மனிதர்கள் ஒரு வருடத்துக்கு நாலு பேர் வந்தால் ஒரு ஆற்றங்கரை காலியாகிவிடும். தலையைக் குனிந்து உள்ளே போனார். குடுவையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"மெலானியாம்மா, நீங்களும் வாங்களேன்!"

"அவ வர மாட்டா," என்றாள் ஓர்ஃபெலினா. "அவளுக்கு வெளிய வேலை இருக்கு. ஏட்டி, ரெண்டு வேளையும் சூப்புல மீனு போடு, வெறும் தண்ணியக் கொண்டுவராத. பதினாலு நாள்னா பதினாலு நாள்தான். ஒரு நாள் கூடுனாலும் தகரத்தப் பேத்துட்டு வெளிய வந்துருவேன்."

"பதினாலு நாளா?" என்றார் இஞ்சினியர், வாயில் நுரையோடு. "எதுக்குப் பதினாலு..."

மெலானியா கதவைச் சாத்தி, கொண்டியை இழுத்து, பூட்டைப் போட்டாள்.